செயற்கைச் சிறுநீரகமும் டாக்டர் கோல்பும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைத்திய சாஸ்திரத்துக்கு உழைத்த பெரியார் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு நமது காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். அத்துறையில் உழைத்தோர் எண்ணிறந்தோர். அவர்களுள் ஹாலந்து தேசத்தவராகிய டாக்டர் வில்லெம் கோல்ப் என்பாரை நான் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் இரண்டு. அவர் முதன்முதல் ஆக்கிய செயற்கைச் சிறுநீரகத்தின் வழிவந்த கருவிகளால் உலகெங்கும் பல லட்சம் மக்கள் இன்று உயிர் தரித்திருக்கின்றனர் என்பது ஒன்று. அக்கருவியின் வரலாறு நெடுகிலும், “யாரைக் காப்பது? யாரை விடுவது?” என்னும் கேள்வி தொடர்ந்து வருகின்றது என்பது மற்றொன்று. இக்கேள்வி வைத்தியர்களுக்கு மட்டும் உரியதன்று. தர்மத்துக்கென நிதி சேர்த்து வைத்திருக்கும் நம்மைப் போன்ற சங்கங்களுக்கும் உரியதே.

முதலாவது, சிறுநீரகம் செய்யும் வேலை இன்னதெனச் சுருக்கமாகக் கூறுகிறேன். நம் நாட்டார் குண்டிக்காய் என்று வழங்கும் இவ்வுறுப்புகள் இரண்டும் முதுகெலும்பின் இரு மருங்கிலும், அவரை விதையின் வடிவில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கைம்முட்டியின் அளவாய் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இவற்றின் வழியே வடிகின்றது. உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் சர்க்கரையையும் இரத்தத்திற்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேண்டாத கழிவை மட்டும் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வேலை நின்றுவிடுமாயின், யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். வாந்தியும் விக்கலும் உண்டாகும், அறிவு மயங்கும், பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்து இதயம் நின்றுபோகவும் கூடும்.

1938-ஆம் ஆண்டில், ஹாலந்து தேசத்துக் குரோனிங்கன் சர்வகலாசாலை வைத்தியசாலையில் இருபத்திரண்டு வயதுள்ள வாலிபன் ஒருவன் இந்நோயால் படுத்திருந்தான். அவன் எளிய குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவனைக் கவனிக்கும் பொறுப்பு இருபத்தேழு வயதே நிரம்பிய இளம் வைத்தியராகிய கோல்பிடம் இருந்தது. பார்வை மங்கி, வாந்தியெடுத்து, நாட்கணக்கில் சிறுகச் சிறுக அவன் மாண்டான். “உம்முடைய மகன் பிழைக்கமாட்டான்” என்று அவனுடைய தாய்க்குச் சொல்லும் கடமையும் கோல்பையே சார்ந்தது. அக்காலத்தில் உலகத்தின் எந்த வைத்தியசாலையிலும் அதற்கு மேல் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. ஆனால் கோல்ப் விதியின்மேல் பழியைப் போட்டு வாளாவிருந்தாரல்லர். “இவ்வாலிபனுடைய இரத்தத்திலிருந்து நாளொன்றுக்கு இருபது கிராம் யூரியாவை எவ்வாறேனும் எடுத்துவிட்டால் இவன் பிழைத்திருப்பானே!” என்று கணக்கிட்டார். இருபது கிராம் என்பது நம் வீட்டுக் கரண்டியால் அளந்துவிடக்கூடிய பொருள். அவ்வளவு சிறியதொன்று ஓர் உயிருக்கும் மரணத்திற்கும் இடையே நிற்பதைக் கண்டபின் அவருக்கு ஓய்வில்லை.

இவ்வெண்ணம் அவருக்கே புதிதாகத் தோன்றியதன்று. உப்பைத் துணியில் முடிந்து தண்ணீரிலே தொங்கவிட்டால், உப்புக் கரைந்து துணியின் கண்கள் வழியே வெளிச்செல்வதை நாம் அறிவோம். அவ்வாறே, மிக நுண்ணிய துளைகளையுடைய சவ்வின் வழியே சிறிய பொருள்கள் வெளிச்செல்லும்; பெரிய பொருள்கள் உள்ளேயே தங்கும். கிளாஸ்கோ நகரத்து இரசாயன சாஸ்திரியாகிய தாமஸ் கிரஹாம் என்பவர் 1861-இல் இதனை ஆராய்ந்து, இம்முறைக்கு ‘டயாலிஸிஸ்’ என்னும் பெயரை வழங்கினார். 1913-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் ஜேகப் ஏபல் என்பார், நாய்களின் இரத்தத்தைக் கொலோடியன் குழாய்களிற் செலுத்திச் சோதித்தார். இரத்தம் உறைந்துவிடாதபடி, அட்டைகளின் தலையிலிருந்து எடுத்த சத்தை அவர் பயன்படுத்தினார். 1924-இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் கியார்க் ஹாஸ் என்பார் முதன்முதலாக மனிதருக்கே இதனைச் செய்து பார்த்தார். ஆயினும் சவ்வு எளிதிற் கிழிவதாலும், இரத்தம் உறையாது காக்கும் நல்ல மருந்து கிடையாமையாலும், நோயாளி ஒருவரையும் காக்க இயலவில்லை.

கோல்பின் காலத்திலோ இரண்டு பொருள்கள் புதிதாகக் கைக்கு வந்திருந்தன. ஒன்று, இரத்தம் உறையாமற் காக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்து. மற்றொன்று செலோபேன். மேல்நாட்டார் இறைச்சியை அரைத்து அடைத்து விற்பதற்கு உறையாகப் பயன்படுத்திய மலிவான குழாய் அது. பேராசிரியர் பிரிங்க்மன் என்பவரிடமிருந்து அதன் குணத்தை அறிந்த கோல்ப், அவ்வுறையில் சிறிது இரத்தத்தையும் அதனுடன் யூரியாவையும் இட்டு, உப்புநீரில் அமிழ்த்தி ஆட்டினார். சில நிமிஷங்களில் யூரியா ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிட்டது. செயற்கைச் சிறுநீரகத்தின் மூலதத்துவம் இச்சிறு சோதனையிலேயே அடங்கிவிட்டது.

இந்நிலையில் யுத்தம் வந்தது. 1940 மே மாதம் 10-ஆம் தேதி ஹிட்லரின் படைகள் ஹாலந்தின்மேற் பாய்ந்தபொழுது, கோல்ப் ஓர் உறவினரின் ஈமச்சடங்கிற்காக ஹேக் நகரில் இருந்தார். நகரத்தின்மீது குண்டு விழத் தொடங்கவே, அவர் அங்கிருந்த பெரிய வைத்தியசாலைக்குச் சென்று, காயம்பட்டோருக்காக இரத்த வங்கி அமைக்க அனுமதி கேட்டார். வேண்டிய சாமான்களை நகரிற் சுற்றிச் சேகரித்து, நான்கு நாட்களுக்குள் அதனை அமைத்தும் காட்டினார். ஐரோப்பாக் கண்டத்து இரத்த வங்கிகளுள் அது முன்னோடி என்று கூறுவர். குரோனிங்கனில் அவருக்கு ஆசிரியராய் விளங்கிய பேராசிரியர் போலக் டேனியல்ஸ் யூத குலத்தவர். படையெடுப்பின்போது அவரும் அவர் மனைவியாரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவ்விடத்தில் நாஜிக் கட்சியினர் ஒருவர் நியமனம் பெற்றார். அவரின்கீழ் வேலை செய்ய மனமின்றிக் கோல்ப் சர்வகலாசாலையை விட்டு நீங்கி, காம்பென் என்னும் சிற்றூரின் வைத்தியசாலையில் வேலைக்கமர்ந்தார். பிறந்த குலத்தை மட்டும் காரணமாகக் காட்டி மனிதரை அழித்த ஆட்சி அது. அதன் நிழலில் இருந்துகொண்டே எவ்வுயிரையும் காக்கவல்ல கருவியொன்றை ஆக்க முனைந்தார் இவ்வைத்தியர்.

காம்பெனில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலையை நடத்திவந்த பெர்க் என்பவர் அவருக்குத் துணைநின்றார். யுத்தகாலத்தில் உலோகம் கிடைப்பது அரிது. ஆகவே மரச்சட்டங்களால் ஓர் உருளை செய்து, பல மீட்டர் நீளமுள்ள செலோபேன் குழாயை அதன்மேல் சுற்றினார்கள். உப்புநீர் நிரப்பிய எனாமல் தொட்டியில் அவ்வுருளையின் அடிப்பாகம் அமிழ்ந்து சுழலும். சுழலச் சுழல, குழாயிலுள்ள இரத்தம் ஒரு முனையினின்று மறுமுனைக்குத் தானே நகர்ந்து செல்லும். சுழலும் குழாயையும் அசையாது நிற்கும் குழாயையும் ஒழுக்கின்றி இணைப்பதற்கு, ஃபோர்டு மோட்டார் வண்டியின் தண்ணீர்ப் பம்பில் உள்ள அமைப்பைப் பின்பற்றினார்கள். ஓர் ஏழைத் தொழிற்சாலையின் மூலையில் காணக்கூடிய பொருள்களே இவை. ஆயினும் இறைவன் படைத்த உறுப்பின் வேலையில் ஒரு பகுதியை மனிதன் கையாற் செய்த கருவி இங்கே ஏற்றுக்கொண்டது.

1943 மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி முதல் நோயாளிக்கு இதனைப் பயன்படுத்தினார். இருபத்தொன்பது வயதுப் பெண்மணியாகிய அவருக்குப் பன்னிரண்டு முறை இரத்தம் சுத்தி செய்யப்பட்டது. ஒவ்வொரு முறையும் புதியதோர் இரத்தக் குழாயில் கண்ணாடிக் குழலைச் செலுத்தவேண்டும். பின்னர் அக்குழாய் பயன்படாது போகும். இனிச் செலுத்த இடமில்லை என்னும் நிலை வந்தபோது அப்பெண்மணி இறந்தார். அதன் பின்னும் ஒருவர்பின் ஒருவராக நோயாளிகள் வந்தனர். முதற் பதினைவருள் கருவியினாலேயே பிழைத்தாரென்று ஐயமறக் கூறத்தக்கவர் ஒருவருமிலர். அன்பர்களே! இதனைச் சற்று நினைத்துப் பாருங்கள். பசியும் குளிரும் அச்சமும் சூழ்ந்த காலத்தில், பெரும்பாலோர் இறந்துகொண்டே வர, ஒரு வைத்தியர் தம் முயற்சியைக் கைவிடாதிருப்பதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! வருபவர் அனைவரும் மற்ற வைத்தியர்களால் கைவிடப்பட்டவர்கள் என்பதும், கழிவு நீங்கிய சில மணி நேரமேனும் மயக்கம் தெளிந்து அவர்கள் பேசினார்கள் என்பதுமே அவருக்கு ஊக்கமளித்தன.

1945 செப்டம்பர் மாதம். யுத்தம் முடிந்துவிட்டது. ஹாலந்து விடுதலை பெற்றது. அறுபத்தேழு வயது மூதாட்டி ஒருவர் சிறுநீரகம் திடீரெனச் செயலற்று, முழு மயக்கத்தில் கோல்பிடம் கொண்டுவரப்பட்டார். அவர் யார்? நாஜிகளுக்கு உடந்தையாயிருந்தார் என்னும் குற்றத்தின்பேரில் காவலில் வைக்கப்பட்டிருந்த கைதி! ஐந்தாண்டுக் காலம் பட்ட துன்பம் ஊர்மக்களின் உள்ளத்தில் இன்னும் ஆறாத புண்ணாக இருந்தது. அத்தகையார்மேல் அவர்களுக்கிருந்த வெறுப்புக்கு அளவில்லை. கோல்போ தம் ஆசிரியரை இழந்தவர்; பதவியைத் துறந்தவர். “இவள் இறந்தால் இறக்கட்டும், கருவியை நல்லவர் ஒருவருக்கு வைத்துக்கொள்வோம்” என்று அவர் நினைத்திருப்பாராயின், குறை கூறுவோர் அவ்வூரில் அநேகர் இருந்திரார். அவர் அவ்வாறு நினைக்கவில்லை. பதினொரு மணி நேரத்துக்கு மேல் கருவியைச் சுழற்றினார். மூதாட்டி கண் விழித்தார், பேசினார், அவருடைய சிறுநீரகங்கள் மறுபடியும் தம் வேலையைத் தொடங்கின. மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து, வேறு காரணத்தால் அவர் காலமானார். செயற்கைச் சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவரென்று உலகம் முதன்முதல் ஒப்புக்கொள்பவர் இவரே. வள்ளற்பெருமானையோ தியாகியையோ அன்று, பகைவரின் நண்பரென ஊரார் வெறுத்த ஒருவரையே அக்கருவி முதலிற் காத்தது. இதனினும் சிறந்த தொடக்கத்தை எக்கருவிக்கும் யாரும் கற்பனை செய்யவும் இயலாது என்பது என் எண்ணம்.

கோல்ப் அக்கருவியைத் தமக்கென உரிமை செய்துகொண்டு பொருள் தேடவில்லை. யுத்தகாலத்தில் செய்து மறைத்துவைத்த கருவிகளை லண்டன், நியூயார்க், மான்ட்ரியால் முதலிய நகரங்களின் வைத்தியசாலைகளுக்கு விலையின்றி அனுப்பினார். அமைப்புப் படங்களைக் கேட்டவர்க்குக் கொடுத்தார். பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள் அதனைத் திருத்தி அமைத்தனர். கொரியா யுத்தத்தில் காயம்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்த போர்வீரர் பலர் இக்கருவியின் உதவியைப் பெற்றனர். கோல்ப் 1950-இல் அமெரிக்கா சென்று, கிளீவ்லாந்திலும் பின்னர் யூட்டா சர்வகலாசாலையிலும் பணியாற்றினார். செயற்கை இருதய ஆராய்ச்சிக்கும் அவரே பெருந்தலைவராய் விளங்கினார். தொண்ணூற்றேழு வயது வரை வாழ்ந்து 2009 பிப்ரவரியில் உலக வாழ்வை நீத்தார்.

இனி, வரலாற்றின் மற்றொரு பகுதியைப் பார்ப்போம். கோல்பின் கருவி, சிறுநீரகம் தானே தேறும்வரையில் சில நாள் தாங்கக்கூடியது. நிரந்தரமாகச் செயலிழந்தவர்க்கு உதவாது. இரத்தக்குழாய்கள் தீர்ந்துபோகும் என்பதே தடை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் இதனை நீக்கினார். டெஃப்லான் என்னும் வழவழப்பான பொருளாற் செய்த சிறு குழாயை நோயாளியின் கையிலேயே நிலையாகப் பொருத்தி, வேண்டும்பொழுதெல்லாம் கருவியுடன் இணைக்கும் வழியைக் கண்டார். முதலில் அவ்வாறு பொருத்தப்பட்டவர் மேலும் பதினோராண்டு வாழ்ந்தார். மரணத் தண்டனையாயிருந்த நோய், தாங்கி வாழக்கூடிய நோயாயிற்று.

அப்பொழுதுதான் பெரிய தர்மசங்கடம் தோன்றியது. கருவிகளோ சில, நோயாளிகளோ பலர், செலவோ மிகுதி. யாருக்குக் கொடுப்பது? இதனைத் தீர்மானிக்கச் சியாட்டில் நகரத்தார் 1960-களின் தொடக்கத்தில் ஒரு குழுவை ஏற்படுத்தினர். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர், ஒரு தொழிலாளர் தலைவர், ஒரு வைத்தியர் என எழுவர் அதில் இருந்தனர். விண்ணப்பித்தோரின் வயது, மக்கட்பேறு, தொழில், வருமானம், கோயிலுக்குச் செல்லும் பழக்கம் முதலியவற்றை அவர்கள் ஆராய்ந்தனர். ‘தகுதியுடையார்’ வாழ்ந்தனர், ஏனையோர் மாண்டனர். 1962-இல் ‘லைஃப்’ என்னும் பத்திரிகை இதனை வெளியிட்டபொழுது அமெரிக்க நாடே திடுக்கிட்டது. குழுவினர் தீயவரல்லர், பொறுப்பறிந்த கனவான்களே. ஆயினும், தம்மைப் போன்றவரைத் தகுதியுடையாரெனக் கருதும் இயல்பு மனிதர் எல்லோரிடத்தும் உண்டு. ஒழுங்கான வேலையும் குடும்பமும் உடையவன் மேல் அவர்கள் மனம் சாய்ந்தது, தனியன் தள்ளப்பட்டான். நிறுவைக்கல்லே கோணலாயிருந்தால், நிறுப்பவன் நேர்மை என்ன பயன் தரும்? அச்சங்கடத்திற்கு முடிவு, மேலும் திறமையான குழுவால் வரவில்லை. 1972-இல் அமெரிக்க அரசாங்கம் சட்டமியற்றி, சிறுநீரகம் முற்றும் செயலிழந்தவருள் ஏறக்குறைய எல்லோருடைய சிகிச்சைச் செலவையும் ஏற்றுக்கொண்ட பின்னரே, பொறுக்கியெடுக்கும் வேலை ஒழிந்தது.

நம் நாட்டிலும் 2016-இல் மத்திய அரசாங்கம் தேசிய டயாலிஸிஸ் திட்டத்தை ஏற்படுத்தி, ஜில்லா வைத்தியசாலைகளில் வறியவருக்கு இலவசமாக இச்சிகிச்சை கிடைக்க வழிசெய்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இதற்குத் துணைசெய்கிறது. ஆயினும் கருவி இலவசமாயினும் வாழ்வு இலவசமாகாது. பெரும்பாலும் வாரம் இருமுறை அல்லது மும்முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் சிகிச்சை நடைபெற வேண்டும். நோயாளியின் கூலி போகும்; உடன்வருபவரின் கூலியும் போகும்; பேருந்துச் செலவும் மருந்துச் செலவும் சேரும். கருவிக்குப் பணமில்லாமையால் அன்று, கருவியிருக்கும் ஊருக்குச் செல்லப் பணமில்லாமையால் சிகிச்சையைக் கைவிடும் ஏழைகள் உண்டு. யாரும் கூடித் தீர்மானிக்காமலே இங்கும் ஒரு தேர்வு நடக்கிறது, வறுமையே அக்குழு.

நோய் வருமுன் காப்பது இன்னும் மேலானது. சிறுநீரகம் கெடுவதற்கு முதன்மையான காரணங்கள் நீரிழிவும் இரத்த அழுத்தமுமே. இரண்டும் ஓசையின்றி வேலை செய்பவை. பெரும்பகுதி கெட்ட பின்னரே கால்வீக்கமும் அயர்வும் தோன்றும். சென்னை டாக்டர் எம். கே. மணி அவர்கள், கருவியைக் கையாளுவதிலும் உறுப்பு மாற்றுவதிலும் தேர்ந்தவராயிருந்தும், அவை எல்லோருக்கும் எட்டா என்பதை உணர்ந்து, சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு திட்டத்தை நடத்தினார்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, வீடுதோறும் சிறுநீரைச் சோதித்து, இரத்த அழுத்தம் அளந்து, நோய் கண்டவர்க்கு விலை குறைந்த மருந்துகளைக் கொடுத்து வரச் செய்தார்கள். தலைக்கு ஆன செலவு மிகச் சொற்பம். இருபது கிராம் யூரியாவைக் கணக்கிட்ட கோல்பின் அறிவும் இதுவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்பேன்.

இனி, நமது சங்கத்தாருக்கு என் விண்ணப்பம். நமது ஆண்டு விழாவிற்குக் குடும்பத்தோடு பலர் வருகிறோம். அன்று ஒரு மூலையில் இரத்த அழுத்தத்தையும், இரத்தச் சர்க்கரையையும், சிறுநீரையும் சோதிக்க ஏற்பாடு செய்வது பெருஞ்செலவன்று. இரண்டாவது, நமது வைத்திய உதவி நிதியிலிருந்து, டயாலிஸிஸ் செய்துகொள்ளும் ஏழைகளின் பிரயாணச் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்கவேண்டும். மூன்றாவதைச் சிலர் விரும்பாதிருக்கலாம், எனினும் சொல்லுகிறேன். அத்தொகை எக்குலத்தவர் கேட்டாலும் கொடுக்கப்படவேண்டும்.

“நம் முன்னோர் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் நம்மவருக்கே உரியதன்றோ?” என்று கேட்போர் உண்டு. அவர்கள் வாதத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. கல்வி நிதியையும் கல்யாண மண்டபத்தையும் பற்றி இங்கு நான் பேச வரவில்லை. ஆனால் நோயின் திறம் வேறு. நம்மில் ஒருவருக்கு இரத்தம் வேண்டுமாயின், இரத்த வங்கியில் எடுக்கும் பையில் ஏ, பி, ஏபி, ஓ என்னும் பிரிவு எழுதியிருக்கும், குலம் எழுதியிராது. கொடுத்தவர் யாரென நாம் கேட்பதுமில்லை. இறந்தவர் ஒருவரின் சிறுநீரகம் நம் பிள்ளைக்குப் பொருந்துமாயின், அது எவ்வீட்டிலிருந்து வந்ததென்று ஆராய்ந்து மறுப்பார் யார்? வாங்கும்போது குலம் பாராத நாம், கொடுக்கும்போது மட்டும் பார்ப்பது நீதியாகுமா? ஒரே அறையில் அடுத்தடுத்த படுக்கையில் இருவர் படுத்து, ஒரேவகைக் கருவியால் உயிர் பெறுகின்றனர். அவ்விருவரில் ஒருவருக்குப் பேருந்துச் செலவைக் கொடுத்து மற்றவரை விட்டுவிடுவோமாயின், சியாட்டில் குழுவின் எட்டாவது அங்கத்தினராக நாமும் அமர்ந்தவர்களாவோம்.

தம் நாட்டைப் பாழ்படுத்தியவரின் நண்பரைக் காப்பதற்காகப் பதினொரு மணி நேரம் நின்ற வைத்தியர் ஒருவரின் சரித்திரத்தை உங்கள்முன் வைத்தேன். அவரிடம் அன்று இருந்தது மரச்சட்டமும் செலோபேனும்தான். நம்மிடம் இருப்பது அதனினும் மிகுதி. நிர்வாக சபையார் இவ்விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வார்களென நம்புகிறேன்.